ரத்தம் பார்ப்பவரின் ரத்தத்தைப் பார்ப்பது யார்?

ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த உழைப்பாளி ஒவ்வொருவருக்கும் அந்தச் சிறிய ஜன்னல் தெரியும். சீட்டை நீட்டுகிறோம். கையை நீட்டச் சொல்கிறார்கள். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டி, ஊசி குத்தி, ரத்தம் எடுக்கிறார்கள். "ரெண்டு மணிக்கு வந்து ரிசல்ட் வாங்கிக்குங்க" என்கிறார்கள். நாமும் வேப்ப மரத்து நிழலுக்குத் திரும்பிவிடுகிறோம். டாக்டரின் முகம் நமக்கு நினைவிருக்கிறது. நர்ஸம்மாவின் முகம் நினைவிருக்கிறது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் முகம் நினைவிருக்கிறதா?

இந்த வாரம் அந்த முகத்தைப் பற்றி எழுதுகிறோம்.

சில நாட்களுக்கு முன் ஒரு சகோதரி நம்மைப் பார்க்க வந்திருந்தார். வயது 46. ஒரு மாவட்டத் தலைநகர் ஆஸ்பத்திரியில் 19 வருஷமாகப் பரிசோதனைக் கூட ஊழியர். அங்கே ரத்தப் பரிசோதனைக்குப் புது மெஷின் வந்திருக்கிறது. அதைப் பொருத்த வந்த இஞ்சினியர், சரிபார்த்துக் கொள்ளப் புதிதாக எடுத்த ரத்தம் கொஞ்சம் வேண்டும் என்றிருக்கிறார். நோயாளியைத் தேடிப் போக நேரமில்லை. சகோதரி தம் கையையே நீட்டிவிட்டார். மெஷின், சர்க்கரை 312 என்று காட்டியது. மெஷினில்தான் கோளாறு என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். மறுபடியும் போட்டுப் பார்த்தார்கள். பிறகு பழைய மெஷினில் போட்டார்கள். அதுவும் 300-க்கு மேலேயே காட்டியது.

மெஷினில் கோளாறு இல்லை.

தினமும் இருநூறு பேருக்குச் சர்க்கரை பார்க்கிற கை அது. அந்தக் கைக்குச் சொந்தக்காரருக்கு 19 வருஷத்தில் ஒரு தடவைகூட நிர்வாகம் சர்க்கரை பார்க்கவில்லை. மெஷினைச் சரிபார்க்க ஆள் வந்தார். மெஷினை ஓட்டுகிற மனுஷியைச் சரிபார்க்க யாரும் வரவில்லை. இதைச் சொல்லிவிட்டு அந்தச் சகோதரி சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தச் சீட்டின் பின்னால்

பரிசோதனைக் கூடம் என்றால் ஏதோ படித்தவர்கள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற சுகமான வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஏமாந்துபோகிறோம். உண்மை என்ன?

வரப்பில் பாம்பு கடித்த விவசாயத் தொழிலாளியை நடுராத்திரியில் தூக்கிக் கொண்டு ஓடி வருகிறார்கள். விஷமுறிவு மருந்து ஏற்றுவதா, வேண்டாமா? சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிஷம் ஆடாமல் அசையாமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் தண்ணீராக ஓடினால் விஷம் ரத்தத்தைக் கெடுத்துவிட்டது என்று அர்த்தம். தூக்கம் சொக்கும் கண்ணோடு அந்த 20 நிமிஷத்தை எண்ணிக் கொண்டு ஒருவர் விழித்திருக்கிறார்.

பூச்சி மருந்து தெளித்துவிட்டு மயங்கி விழுந்தவரின் ரத்தத்தில் விஷத்தின் பாதிப்பை அறியப் பரிசோதனை. இருமிக் கொண்டே வந்த மில் தொழிலாளியின் சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் கண்ணைப் பதித்துக் காசநோய்க் கிருமியைத் தேடும் பரிசோதனை. பிரசவத்தில் ரத்தம் கொட்டுகிற தாய்க்கு எந்த ரத்தம் சேரும் என்று பார்க்கும் பரிசோதனை. இதில் ஒரு எழுத்து தவறினால் ஓர் உயிர் போகும்.

2020-ல் கொரோனா வந்தபோது தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையையே நம்பி நின்றது. 1899-ல் தொடங்கிய கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும், மருத்துவக் கல்லூரிகளின் பரிசோதனைக் கூடங்களிலும் ராப்பகலாக விளக்கு எரிந்தது. ஊரே கதவைச் சாத்திக் கொண்டிருந்த நேரத்தில், அந்தக் கிருமி இருக்கும் குழாயைக் கையிலேயே பிடித்துக் கொண்டிருந்தவர்கள் இந்த ஊழியர்கள். அப்போது கை தட்டினார்கள், விளக்கேற்றினார்கள். கைதட்டல் ஓய்ந்துவிட்டது. ஊழியர்களின் உடம்பில் சேர்ந்தது மட்டும் தங்கிவிட்டது.

தெரிந்த ஆபத்துகள்

இந்த வேலையில் தெரிந்த ஆபத்துகள் சில உண்டு. அவற்றை முதலில் சொல்லிவிடுவோம்.

ஊசி குத்துவது ஒன்று. தடுப்பூசி போட்டுக் கொள்ளாத ஒருவரை ஹெபடைடிஸ் பி நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், நோயாளியின் நிலையைப் பொறுத்து, நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை அந்தக் கிருமி தொற்றக்கூடும். அது ஈரலில் தங்கினால் பல வருஷம் கழித்து ஈரல் சுருங்கும், புற்றுநோய்கூட வரும். எச்.ஐ.வி. கிருமி ஆயிரத்துக்கு 3 பேருக்குத் தொற்றலாம். 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கி 28 நாள் சாப்பிட்டால் அதைத் தடுக்க வழியிருக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசியே இருக்கிறது. ஆறு மாதத்தில் மூன்று ஊசி, அவ்வளவுதான்.

மருந்துக் காற்று மற்றொன்று. அறுவை சிகிச்சையில் எடுத்த சதைத் துண்டு கெடாமல் இருக்க அதை ஃபார்மலினில் ஊறப் போடுகிறார்கள். பக்கத்தில் போனாலே கண் எரியும், மூக்கில் நீர் வடியும். அந்தக் காற்றில் இருப்பது ஃபார்மால்டிஹைடு. மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வரிசையில் அதை வைத்திருக்கிறது, பிரான்ஸில் லியோன் நகரத்தில் உள்ள உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம். சதைத் துண்டைத் தகட்டுக்குத் தயார் செய்ய சைலீன் என்ற திரவம் வேண்டும். அது தலைவலி கொடுக்கும், தோலை வறட்டும். காற்றை வெளியே இழுக்கும் கூண்டும் விசிறியும் சரியாக ஓடினால் இவை பெருமளவு குறையும். விசிறி பழுதானால் ஊழியரின் நுரையீரல்தான் விசிறி.

இவை வெளியே தெரிகிற ஆபத்துகள். சத்தமில்லாமல் வருபவை வேறு.

யாருடைய வாழ்க்கை முறை?

சர்க்கரை வியாதி, ரத்தக் கொதிப்பு, கொழுப்பு, இடுப்பு வலி, கழுத்து வலி, காலில் நரம்பு சுருட்டிக் கொள்வது, தூக்கம் கெடுவது, வயிற்றுப் புண். பரிசோதனைக் கூடத்தில் பத்துப் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இந்தப் பட்டியலில் ஒன்றாவது இல்லாதவர் அபூர்வம்.

இவற்றுக்கு டாக்டர்களும் அதிகாரிகளும் வைத்திருக்கிற பெயர் "வாழ்க்கை முறை நோய்". கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. அர்த்தம் என்ன? உன் வாழ்க்கை முறை சரியில்லை, அதனால் உனக்கு நோய் வந்தது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குத் தூங்கு, தினமும் அரை மணி நேரம் நட, கவலைப்படாதே!

நல்ல புத்திமதி. ஆனால் நாம் ஒன்று கேட்கிறோம். இந்த வாழ்க்கை முறையை வகுத்தவர் யார்?

காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க ஜனங்கள் ஏழு மணிக்கே வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுடைய வெறும் வயிற்றை எல்லோரும் கவனிக்கிறார்கள். ரத்தம் எடுப்பவரும் வெறும் வயிற்றோடுதான் நிற்கிறார் என்பதை யார் கவனித்தார்கள்? கூட்டம் தீரப் பத்தரை ஆகும். அப்புறம் ஆறிப்போன இரண்டு இட்லி. மத்தியானச் சோறு மூன்று மணிக்கோ நாலு மணிக்கோ. பரிசோதனைக் கூடத்துக்குள் சாப்பிடக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது என்று விதி. சரியான விதி, கிருமி இருக்கும் இடத்தில் சாப்பிடலாமா? ஆனால் சாப்பிட வேறு அறை எங்கே? பல இடங்களில் இல்லை. ஆகவே ஊழியர் சாப்பாட்டைத் தள்ளிப் போடுகிறார். இடையில் சர்க்கரை போட்ட டீயும் வடையுமாக ஓட்டுகிறார். தனியாக டியூட்டி பார்க்கிற பெண் ஊழியர் கழிப்பறைக்குப் போகக்கூட இடத்தை விட்டு நகர முடியாது. அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று வருகிறது. இது அவருடைய வாழ்க்கை முறையா? அல்லது ஆள் போடாத நிர்வாகத்தின் முறையா?

ராத்திரி டியூட்டிக்கு வருவோம். மில் தொழிலாளிக்கு இதைப் பற்றி நாம் பாடம் சொல்ல வேண்டியதில்லை. விடிய விடிய ரிங் பிரேமுக்கு முன் நடந்துவிட்டுப் பகலில் ஓட்டு வீட்டு வெக்கையில் படுத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். உடம்புக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது எப்படி ஓடுகிறது என்று கண்டுபிடித்த அமெரிக்க விஞ்ஞானிகள் மூவருக்கு 2017-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பகலில் சாப்பிட்டால் சோற்றைச் சமாளிக்கிற உடம்பு, நடுராத்திரியில் சாப்பிட்டால் திணறுகிறது. ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக ஏறுகிறது. தூக்கம் குறைந்தால் பசி அதிகமாகிறது, கொதிப்பு ஏறுகிறது. ஷிப்ட் மாறி மாறி வேலை செய்பவர்களுக்குச் சர்க்கரை வியாதியும் இருதய நோயும் மற்றவர்களைவிட அதிகம் வருவதைப் பல நாடுகளின் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. அதே லியோன் நிறுவனம், கடிகாரத்தைக் குலைக்கும் ராத்திரி வேலை புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று 2007-ல் சொன்னது. 2019-ல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதி செய்தது.

வேலை நேரத்துக்கும் கணக்கு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து நூற்றுக்கு 35 பங்கும், மாரடைப்பால் சாகும் ஆபத்து 17 பங்கும் அதிகம். 2016-ம் வருஷம் மட்டும் நீண்ட நேர வேலையால் உலகத்தில் 7 லட்சத்து 45 ஆயிரம் பேர் இறந்தார்கள். யுத்தத்தில் இத்தனை பேர் செத்தால் உலகம் அலறும். இவர்கள் ஒவ்வொருவராகத் தம் வீட்டுக் கட்டிலில் செத்ததால் சத்தமில்லை.

உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்பார்கள். மைக்ராஸ்கோப்பில் கழுத்தை வளைத்து நாலு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தால் அந்தச் சுகம் தெரியும். சொட்டு மருந்து எடுக்கும் குழாயைக் கட்டைவிரலால் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அமுக்குகிறார் என்று யாராவது எண்ணியது உண்டா? அந்த விரல் வீங்கி, மணிக்கட்டு மரத்துப் போகிறது. ரத்தம் எடுப்பவருக்கு நேர் எதிர்: நாள் பூராவும் நின்று குனிந்து, கால் நரம்பு புடைத்துப் போகிறது.

தனியார் பரிசோதனைக் கூடங்களின் கதை இன்னும் மோசம். விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி வீடு வீடாக ரத்தம் சேகரிக்கும் பையன்கள், பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம் உழைக்கிறார்கள். அவர்களுக்கு இத்தனை ரத்தம் கொண்டு வா என்று கணக்கு உண்டு. தாம் எந்த நேரத்தில் சாப்பிடலாம் என்று கணக்கு இல்லை.

நமக்கும் இதைத்தானே சொன்னார்கள்!

மில் தொழிலாளித் தோழர்களே! இந்த நியாயம் நமக்குப் புதிதல்ல. கார்டிங்கிலும் புளோரூமிலும் பஞ்சுத் தூசியை மூச்சாக இழுத்து, வார லீவு முடிந்து உள்ளே போன முதல் நாளே நெஞ்சை அடைத்தபோது நமக்கு என்ன சொன்னார்கள்? "பீடி குடிக்கிறாய், அதனால் இருமுகிறாய்" என்றார்கள். பீடி கெடுதல்தான். பஞ்சுத் தூசி வாங்கிய நெஞ்சுக்குப் பீடி இன்னும் கெடுதல். ஆனால் பீடியைக் காட்டித் தூசியை மறைத்தார்கள். தூசியும் ஒரு நோய்க்குக் காரணம் என்று சட்டத்தில் ஏற உழைப்பாளி மக்கள் எத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருந்தது!

இன்றைக்குப் பரிசோதனைக் கூட ஊழியருக்கு வடையைக் காட்டி ராத்திரி டியூட்டியை மறைக்கிறார்கள்.

இத்தாலியில் ரமஸ்ஸினி என்று ஒரு டாக்டர் இருந்தார். 1700-ம் வருஷத்தில் தொழிலாளர்களின் நோய்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளி வந்தால் டாக்டர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு இன்னும் ஒரு கேள்வியைச் சேர்க்க வேண்டும் என்றார்: உன் தொழில் என்ன? முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் சர்க்கரைக்கு மருந்து எழுதும்போது "இனிப்பு சாப்பிடுவியா?" என்று கேட்கிறார்கள். "மாசத்துக்கு எத்தனை நைட் பார்க்கிறே?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

நாட்டில் எல்லோருக்குந்தானே சர்க்கரை வருகிறது, இவர்களுக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். நாட்டில் வருவது உண்மைதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு 2023-ல் வெளிவந்தது. 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. இன்னும் 13 கோடிப் பேருக்கு மேல் அதன் வாசற்படியில் நிற்கிறார்கள். பெரியவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு ரத்தக் கொதிப்பு. ஊர் முழுக்க நெருப்புப் பிடித்த நேரத்தில், தண்ணீர் ஊற்றுகிறவனை எண்ணெய்க் கொட்டகையில் நிறுத்தி வைப்பது எந்த நியாயம்?

சட்டம் இருக்கிறது, நடப்பு எங்கே?

சட்டமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் மூன்றாவது அட்டவணை என்று ஒன்று உண்டு. வேலையால் வரும் நோய்களின் பட்டியல் அது. அதன் முதல் பகுதியில் முதல் வரியே, தொற்று ஆபத்துள்ள வேலைகளில் வரும் தொற்று நோய்கள். சுகாதார வேலை, லேபரட்டரி வேலை என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. அதே அட்டவணையின் மூன்றாம் பகுதியில் பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய் இருக்கிறது. மில் தொழிலாளியும் பரிசோதனைக் கூட ஊழியரும் ஒரே அட்டவணையில்தான் இருக்கிறார்கள்! 2025 நவம்பர் 21-ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு அமலுக்கு வந்தபோதும் அந்தப் பட்டியல் அதில் தொடர்கிறது. ஆனால் அந்த அட்டவணையில் சர்க்கரை வியாதி இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. ராத்திரி வேலை கெடுத்த உடம்புக்கு அதில் இடமில்லை.

2016 மார்ச்சில் மத்திய சர்க்கார் ஆஸ்பத்திரிக் கழிவுகள் பற்றிய விதிகளை வெளியிட்டது. கழிவைக் கையாளும் ஊழியர் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போட வேண்டும். வேலையில் சேரும்போதும், பிறகு வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும். அதைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். இது ஆஸ்பத்திரிகளின் கடமை என்று அந்த விதி சொல்கிறது. ரத்தக் குழாயையும் சளிக் குப்பியையும் கையாளும் பரிசோதனைக் கூட ஊழியர் இதில் சேராமல் வேறு யார் சேர்வார்? நம்மைப் பார்க்க வந்த சகோதரிக்கு 2016-க்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்திருந்தால், 312 வரை போவதற்கு முன்பே தெரிந்திருக்காதா?

2025-ல் அமலான தொகுப்புச் சட்டங்களைப் பற்றி மத்திய சர்க்கார் பெருமையாக அறிவித்தவற்றில் ஒன்று, 40 வயது தாண்டிய தொழிலாளருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இலவச உடல் பரிசோதனை. அந்தத் தொகுப்புகள் தொழிலாளியிடமிருந்து பறித்தவை பற்றி நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் கொடுப்பதாகச் சொன்னதையாவது கொடுங்கள் என்கிறோம்.

தமிழ்நாடு சர்க்கார் 2021 ஆகஸ்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. வீடு தேடிப் போய்ச் சர்க்கரை பார்க்கிறார்கள், கொதிப்பு பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். நல்ல காரியம்; ஏழை ஜனங்களுக்கு உதவுகிறது; அதை வரவேற்கிறோம். மலையேறிக் குடிசை வரை போகிற மருத்துவம், அதே ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஐம்பது அடி தூரத்தில் இருக்கும் பரிசோதனைக் கூடம் வரை போகக் கூடாதா?

ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை

பரிசோதனைக் கூட ஊழியர்களிடமும் மனம் விட்டு ஒன்று சொல்ல வேண்டும். நிர்வாகத்தின் குற்றத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் நோய் வந்த உடம்பு உங்களுடையது. மற்றவரின் ரிப்போர்ட்டைப் பார்த்து "ஐயோ, இவ்வளவா!" என்று பதறுகிற நீங்கள், உங்கள் ரத்தத்தைப் பார்க்கப் பயப்படுகிறீர்கள். தெரிந்தால் வேலை போய்விடுமோ, தொகுப்பூதியக்காரனை அடுத்த தடவை எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயம். அந்தப் பயம் நியாயமானதுதான். அதைத் தனியாகப் போக்க முடியாது. சங்கமாகச் சேர்ந்துதான் போக்க முடியும். அதுவரை நோயை மறைப்பது நிர்வாகத்துக்கு லாபம், உங்களுக்கு நஷ்டம். சர்க்கரை வியாதி மறைந்திருந்து சிறுநீரகத்தையும் கண்ணையும் காலையும் தின்னும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்? ஊசி குத்தினால் கையைக் கழுவிவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். உடனே எழுதிக் கொடுங்கள். எழுத்தில் இருப்பதைத்தான் நாளைக்குச் சட்டத்தின் முன் வைக்க முடியும். புகையிலையை விடுங்கள். நடக்க முடிந்த நாளில் நடங்கள்.

நாம் கேட்பது என்ன?

ஒன்று: நிரந்தர ஊழியர், தொகுப்பூதிய ஊழியர், காண்டிராக்ட் ஊழியர், குப்பி கழுவுபவர், கூட்டித் துடைப்பவர் எல்லோருக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை உடல் பரிசோதனை நடக்க வேண்டும். சர்க்கரை, கொதிப்பு, கொழுப்பு, சிறுநீரகம், கண், நெஞ்சு அனைத்தும் பார்க்க வேண்டும். வேலை நேரத்திலேயே, சம்பளம் பிடிக்காமல் செய்ய வேண்டும். முடிவு ஊழியரின் கையில் வர வேண்டும். நோயைக் காட்டி யாரையும் வேலையை விட்டு நீக்கக் கூடாது.

இரண்டு: ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்றும் முழுதாகப் போட வேண்டும், உடம்பில் எதிர்ப்புச் சக்தி பிடித்ததா என்றும் பார்க்க வேண்டும். ஊசி குத்திய ஊழியருக்கு எந்த ராத்திரியிலும் மருந்து கிடைக்க வேண்டும்.

மூன்று: காலியிடங்களை நிரப்ப வேண்டும். ராத்திரியில் ஒருவரைத் தனியாக நிறுத்தக் கூடாது. தொடர்ந்து பார்க்கும் ராத்திரி டியூட்டிக்கு வரம்பு வேண்டும். முடிந்ததும் ஓய்வு நாள் வேண்டும்.

நான்கு: சாப்பிட ஒரு அறை, பெண்களுக்குக் கழிப்பறை, முதுகு தாங்கும் நாற்காலி, மருந்துக் காற்றை இழுக்கும் கூண்டு. இவற்றுக்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டாம், மனசு வேண்டும்.

ஐந்து: வருஷக் கணக்காகத் தொகுப்பூதியத்தில் உழைப்பவர்களை நிரந்தரமாக்க வேண்டும். சம்பளத்தோடு நோய் லீவு இல்லாதவரிடம் "உடம்பைப் பார்த்துக் கொள்" என்பது கேலி.

ஆறு: ஆஸ்பத்திரி ஊழியர்களில் எத்தனை பேருக்குச் சர்க்கரை, எத்தனை பேருக்குக் கொதிப்பு, அவர்கள் எத்தனை வருஷம் ராத்திரி வேலை பார்த்தார்கள் என்று கணக்கெடுத்து வெளியிட வேண்டும். அந்தக் கணக்கை வைத்துக் கொண்டு, ஷிப்ட் வேலையால் வரும் நோய்களுக்கும் நஷ்ட ஈட்டு அட்டவணையில் இடம் கொடுக்க வேண்டும். அது கிடைத்தால் பரிசோதனைக் கூடத்துக்கு மட்டுமா லாபம்? மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற ஒவ்வொருவருக்கும் லாபம்.

பாதுகாப்பான, ஆரோக்கியமான வேலையிடம் உழைப்பாளியின் அடிப்படை உரிமை என்று 2022 ஜூனில் சர்வதேசத் தொழிலாளர் மாநாடு தீர்மானித்தது. நாம் தயவு கேட்கவில்லை. உரிமையைக் கேட்கிறோம்.

மில் தொழிலாளர்களே, விவசாயத் தொழிலாளர்களே! இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி உங்கள் கூலியில் பிடித்த காசும் சேர்ந்து நடப்பது. சர்க்கார் ஆஸ்பத்திரி நீங்கள் தீப்பெட்டிக்குக்கூடக் கொடுத்த வரியில் நடப்பது. அங்கே ராத்திரி மூன்று மணிக்கு உங்கள் பிள்ளையின் ரத்தத்தைப் பார்க்கிற கண் தெளிவாக இருக்க வேண்டுமா, வேண்டாமா? இருபது மணி நேரம் தூங்காத கண், உறையாத ரத்தத்தை உறைந்ததாகப் பார்த்துவிட்டால் யாருக்கு நஷ்டம்? பணக்காரன் வேறு ஆஸ்பத்திரிக்குப் போவான். நமக்கு அந்த ஒரு ஜன்னல்தான் உண்டு.

ஆகவே இது அவர்களுடைய பிரச்னை என்று ஒதுங்க நமக்கு வழியில்லை. அடுத்த தடவை கையை நீட்டும்போது அந்த முகத்தைப் பாருங்கள். "அக்கா, சாப்பிட்டீங்களா? உங்களுக்குச் சர்க்கரை பார்த்தாங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பார்க்கவில்லை என்று பதில் வந்தால், அதை உங்கள் சங்கக் கூட்டத்தில் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கைப் பட்டியலில் அவர்கள் கோரிக்கையையும் ஒரு வரியாக எழுதுங்கள். அவர்கள் ஊர்வலம் வந்தால் கூடச் சேர்ந்து நடங்கள்.

நம் ரத்தத்தைப் பார்ப்பவர்களின் ரத்தத்தைப் பார்க்க யாருமில்லை என்ற நிலை மாற வேண்டும். மாற்றுவோம்!